கடைக் கணக்கில் தொடங்கிய போர்: லிங்கன் கவுண்டிக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லிங்கன் கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) நான்கு நாள் போகிறோம், துப்பாக்கிக்காரனாகப் பெயர் வாங்கிய பில்லி த கிட் கதையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஊர்த் திருவிழா ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் வார இறுதி. ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் அப்போது போங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

இந்தக் கவுண்டியின் பரப்பு சுமார் 12,500 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை இருபதாயிரத்துச் சொச்சம், அவ்வளவுதான். ஒரு பக்கம் பைன் மரக்காடு, ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை, நடுவே மாடு மேயும் புல்வெளி. நீங்கள் கேட்ட எல்லாமே ஏறக்குறைய ஒரே சாலையில் இருக்கிறது, 380-ஆம் எண் நெடுஞ்சாலை. கிழக்கே ராஸ்வெல் பக்கமிருந்து வந்தால் முதலில் லிங்கன் ஊர், அப்புறம் கேப்பிட்டன், அப்புறம் காரிசோஸோ, அதைத் தாண்டினால் எரிமலைப் பாறை, இன்னும் மேற்கே போனால் உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த இடத்துக்கான வாசல். இந்த ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் வழி தப்பாது.

லிங்கனிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே போகிற முக்கால்வாசிப் பேர் பில்லியைத் தேடிப் போகிறார்கள். துப்பாக்கி, குதிரை, தப்பியோட்டம் எல்லாம் நடந்தது உண்மைதான். ஆனால் 1878-ல் நடந்த லிங்கன் கவுண்டிப் போர் ஒரு கடைச் சண்டை. இதைப் புரிந்துகொண்டு போனால் அந்தத் தெரு வேறு மாதிரி தெரியும்.

அன்றைக்கு ஊரில் ஒரே பெரிய கடை. அயர்லாந்திலிருந்து வந்த லாரன்ஸ் மர்ஃபியும் அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் டோலனும் நடத்தியது. ஊர்க்காரர்கள் அதை 'த ஹவுஸ்' என்றுதான் சொல்வார்கள். விவசாயி விதையும் மாவும் துணியும் அங்கே கடனுக்கு வாங்க வேண்டும், விலை அவர்கள் வைத்ததுதான். அறுவடை ஆனதும் தானியத்தை அவர்களிடமே கொடுக்க வேண்டும், அந்த விலையும் அவர்கள் சொல்வதுதான். பக்கத்தில் இருந்த ராணுவ முகாமான ஃபோர்ட் ஸ்டான்டனுக்கும் மெஸ்கலேரோ அப்பாச்சி மக்களின் ஒதுக்கிடத்துக்கும் இறைச்சி, மாவு கொடுக்கும் அரசாங்க ஒப்பந்தம் அவர்கள் கையில். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் வில்லியம் பிரேடியும் அவர்களுக்கு வேண்டியவர். ஒரு வருடம் கடன்பட்டவன் அடுத்த வருடம் எழுந்திருக்க முடியாத ஏற்பாடு அது.

அந்தத் தெருவில்தான் 1877-ல் ஜான் டன்ஸ்டால் என்ற இளம் ஆங்கிலேயர் போட்டிக் கடை திறந்தார். கூட அலெக்சாண்டர் மெக்ஸ்வீன் என்ற வக்கீல். பெரிய மாட்டுப் பண்ணைக்காரர் ஜான் சிசமும் இவர்கள் இருவர் பக்கம். டன்ஸ்டாலை நல்லவராகவும் மர்ஃபி கூட்டத்தைக் கெட்டவர்களாகவும் காட்டுகிற கதைகள் நிறைய உண்டு, நான் அதை ஏற்பதில்லை. இந்தக் கவுண்டியில் யார் ஒரு டாலர் சம்பாதித்தாலும் அதில் பாதி தன் கைக்கு வரும்படி தொழிலை அமைக்கப் போவதாக டன்ஸ்டாலே லண்டனில் இருந்த தன் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். ஊரையே பிடித்து வைத்திருந்த கடையைப் போலவே தானும் ஊரைப் பிடிக்கத்தான் அவர் வந்தார். இருபத்து நாலு வயது, கொஞ்சம் மரியாதையான பேச்சு, கையில் அப்பா கொடுத்த பணம்.

சண்டைத் தீ பற்றியது எங்கே தெரியுமா? ஒரு காப்பீட்டுப் பணத்தில். மர்ஃபியின் பழைய கூட்டாளி எமில் ஃபிரிட்ஸ் 1874-ல் ஜெர்மனியில் இறந்துபோனார். அவர் பேரில் 10,000 டாலருக்கு ஆயுள் காப்பீடு இருந்தது. அதை வசூலிக்கும் வேலை மெக்ஸ்வீனுக்கு வந்தது, வசூல் செலவு போக ஏழாயிரத்துச் சொச்சம் கைக்குக் கிடைத்தது. அந்தப் பணம் எங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி என்று டோலன் தரப்பு கேட்டது, மெக்ஸ்வீன் கொடுக்கவில்லை. உடனே கையாடல் வழக்கு. மெக்ஸ்வீனும் டன்ஸ்டாலும் பங்காளிகள் என்று சொல்லி டன்ஸ்டாலின் கடையையும் மாடுகளையும் ஜப்தி செய்ய உத்தரவு. ஜப்திக்கு என்று கிளம்பிய ஆட்கள் 1878 பிப்ரவரி 18 அன்று, குதிரைகளை ஓட்டிக்கொண்டு லிங்கனுக்கு வந்துகொண்டிருந்த டன்ஸ்டாலை வழியிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் வேலை பார்த்த பையன்களில் ஒருவன்தான் பில்லி.

அப்புறம் நடந்தது வரிசையாகப் பழிக்குப் பழி. டன்ஸ்டால் ஆட்களுக்கு ஒரு உள்ளூர் நீதிபதி வாரண்டு கொடுத்தார், எதிர்த்தரப்புக்கு ஷெரீஃபே இருந்தார், ஆகவே இரண்டு பக்கமும் சட்டத்தின் பெயரிலேயே சுட்டுக்கொண்டார்கள். ஏப்ரல் 1 அன்று ஷெரீஃப் பிரேடி நடுத்தெருவில் சுடப்பட்டுச் செத்தார். ஜூலை 15 முதல் 19 வரை ஐந்து நாள் ஊருக்குள்ளேயே சண்டை. ஐந்தாவது நாளில் இரு தரப்பும் களைத்துப்போன நேரத்தில் ஃபோர்ட் ஸ்டான்டனிலிருந்து கர்னல் டட்லி பீரங்கியோடு வந்து இறங்கினார். யாருக்கும் சாதகமாக இல்லை என்று சொல்லிக்கொண்டே மெக்ஸ்வீன் தரப்பை முடக்கிப்போட்டார். மெக்ஸ்வீன் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பச்சைச் செங்கல் வீடு சட்டென்று எரியாது, ஒவ்வொரு அறையாகத் தீ வர வர உள்ளே இருந்தவர்கள் அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். கடைசி அறை வந்ததும் இருட்டில் ஓடினார்கள். பில்லி தப்பினான். மெக்ஸ்வீன் தப்பவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. மர்ஃபி அதே வருடம் அக்டோபரில் இறந்தார், 'த ஹவுஸ்' கடனில் மூழ்கி அடமானக்காரர் கைக்குப் போனது. இவ்வளவு பேர் செத்த போரில் தண்டனை கிடைத்தது ஒரே ஒருவனுக்கு, பிரேடியைக் கொன்றதற்காக பில்லிக்கு. டோலன் மட்டும் பிழைத்து, பிற்பாடு டன்ஸ்டாலின் கடைக்கே சொந்தக்காரர் ஆனார், கவுண்டிப் பொருளாளர் ஆனார். எனக்கு இந்தக் கதையில் நெஞ்சில் நிற்பது இந்த இடம்தான்.

இப்போது தெருவுக்கு வாருங்கள். 380 சாலையேதான் ஊரின் ஒரே தெரு. ஏறக்குறைய ஒரு மைல் நீளம், இருபுறமும் பழைய கட்டடங்கள், அதில் பலவற்றை மாநில அரசு வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கிறது. காலையில் கடைகள் திறக்கும் முன்பே நடந்து பாருங்கள், ரியோ போனிட்டோ ஓடையின் சத்தம் கேட்கும். டன்ஸ்டால் கடைக்குள் பழைய மரத் தட்டுகள் அப்படியே இருக்கின்றன, அதில் அந்தக் காலத்துச் சரக்கு. அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். இத்தனை உயிர் போனது இந்தத் தட்டுகளில் இருந்த துணிக்கும் மாவுக்கும் காபிக்கும்தான் என்பது அங்கே நின்றால் உறைக்கும்.

தெருவின் மேற்குக் கோடியில் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடம்தான் 'த ஹவுஸ்'. போருக்குப் பிறகு அதையே கவுண்டி வாங்கி நீதிமன்றம் ஆக்கிவிட்டது. தூக்குத் தண்டனை பெற்ற பில்லியை அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் கை கால் விலங்கோடு வைத்திருந்தார்கள், தன் முதலாளியை ஒழித்த அதே கடையின் மாடியில். 1881 ஏப்ரல் 28. ஷெரீஃப் பாட் காரெட் ஒயிட் ஓக்ஸ் ஊருக்குப் போயிருந்தார். காவலர் பாப் ஒலிங்கர் மற்ற கைதிகளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த வோர்ட்லி ஹோட்டலுக்குப் போனார். மாடியில் ஜேம்ஸ் பெல் மட்டும். கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பிய பில்லி படியில் பெல்லைச் சுட்டான், சத்தம் கேட்டு ஓடிவந்த ஒலிங்கரை மாடி ஜன்னலிலிருந்து ஒலிங்கரின் துப்பாக்கியாலேயே சுட்டான். படிக்கட்டின் கீழே சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது, அந்தக் குண்டு துளைத்தது என்று காட்டுவார்கள். விரல் நுழைகிற அளவுதான். வெளியே புல்லில் ஒலிங்கர் விழுந்த இடத்துக்கு ஒரு கல். ஜன்னலில் நின்று அந்தக் கல்லைப் பார்த்தால் எவ்வளவு கிட்டம் என்று தெரியும், கல்லெறி தூரம்கூட இல்லை.

ஆகஸ்ட் முதல் வார இறுதியில் 'ஓல்டு லிங்கன் டேஸ்' நடக்கிறது. பகலில் ஊர்வலம், கைவினைக் கடைகள், கொல்லர் பட்டறை, தெருவில் துப்பாக்கிச் சண்டை நடிப்பு. பொழுது சாய்ந்ததும் ஊர் ஓரத்தில் திறந்த மண் களத்தில் நாடகம், பில்லியின் கடைசித் தப்பியோட்டம்தான் கதை. 1940-களிலிருந்து நடக்கிறது. நடிப்பவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, கவுண்டிக்காரர்கள். பண்ணை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை, கடைக்காரர் என்று. சின்ன வயதில் ஓரமாக ஓடும் பிள்ளையாக வந்தவர்கள் வளர்ந்து பெரிய வேடம் கட்டுகிறார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம், யார் எப்போது விழப்போகிறார் என்று பக்கத்தில் போர்வை விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும், இருந்தாலும் குதிரை பாய்ந்து வரும்போது புழுதி முகத்தில் அடிக்க அந்தக் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. நான் முதல் முறை பார்த்தபோது சண்டைக் காட்சிகளைவிட, முடிந்ததும் வேடத்தைக் கலைக்காமலே வந்து நாற்காலி மடித்து வைத்த ஆட்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் இந்தக் கொண்டாட்டத்தில் அடிபட்டுப் போகிறது, அதை நீங்களாகவே தேடிப் பார்க்க வேண்டும். இந்த ஊரை உண்டாக்கியவர்கள் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள். லிங்கன் என்ற பெயர் வந்தது 1869-ல் கவுண்டி உருவானபோது, அதற்கு முன் லா பிளாசிட்டா. தெருவில் உருண்டையாக ஒரு கல் கோபுரம் நிற்கும், டொரெயோன் என்பார்கள், அப்பாச்சி தாக்குதல் வந்தால் ஓடி ஒளிய 1850-களில் அவர்கள் கட்டியது. 1873 டிசம்பரில் டெக்சாஸிலிருந்து வந்த ஹாரெல் சகோதரர்கள், தங்கள் ஆள் கொல்லப்பட்டதற்குப் பழியாக, ஒரு கல்யாண நடனத்துக்குள் புகுந்து நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் ஒருவரின் மகன் ஹுவான் பாட்ரோன். பிற்பாடு அந்தப் பிரதேசச் சட்டசபையின் கீழவைத் தலைவரானவர். பில்லி இவ்வளவு காலம் பிடிபடாமல் திரிந்ததற்குக் காரணமும் இந்த மக்கள்தான், அவன் ஸ்பானிஷ் சரளமாகப் பேசுவான், அவர்கள் சோறு போட்டு ஒளித்து வைத்தார்கள். பில்லிக்கு இருக்கிற பெயரில் பத்தில் ஒரு பங்காவது பாட்ரோனுக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, லிங்கனை விட்டு மேற்கே போவோம். கேப்பிட்டன் சின்ன ஊர், ஆனால் அமெரிக்காவில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு கரடி அங்கே புதைந்திருக்கிறது. காட்டுத்தீ எச்சரிக்கைக்காக ஸ்மோக்கி பேர் என்ற படக் கரடியை 1944-லேயே வரைந்துவிட்டார்கள். 1950 மே மாதம் கேப்பிட்டன் மலையில் பெரிய தீ, பதினேழாயிரம் ஏக்கர் எரிந்தது. தீயணைக்கப் போன ராணுவ வீரர்கள் சிலர் தப்ப வழியில்லாமல் கற்சரிவில் குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொண்டு பிழைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய மரத்தைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டிக் கரடி, பாதமெல்லாம் வெந்து. முதலில் 'ஹாட்ஃபுட் டெடி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள், பிறகுதான் அந்தப் படக் கரடியின் பெயர். வனவிலங்குத் துறை அதிகாரி ஒருவர் சின்ன விமானத்தில் சாண்டா ஃபே கொண்டுபோய் வைத்தியம் பார்க்க வைத்தார். அப்புறம் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலை, கடிதம் குவிந்து தனி அஞ்சல் குறியீடே கொடுக்க வேண்டிவந்தது. 1976-ல் இறந்ததும் கேப்பிட்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பூங்காவுக்குள் போனால் ஒரு பாறையில் பித்தளைத் தகடு, சுற்றிலும் செடிகள், அவ்வளவுதான். ஜூலை 4-ஐ ஒட்டி இதே ஊரில் 'ஸ்மோக்கி பேர் ஸ்டாம்பீட்' என்ற ரோடியோ நடக்கிறது. முரட்டுக் குதிரை ஏறுவது, கன்றுக்குக் கயிறு வீசுவது எல்லாம் அமெச்சூர் ஆட்கள், அதனால்தான் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆகஸ்டில் கவுண்டிச் சந்தையும் கேப்பிட்டனில்தான். பயணிகள் யாரும் இதற்குப் போவதில்லை, நீங்கள் போங்கள். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த ஆடு, பன்றி, காளையை வளையத்துக்குள் நடத்தி வந்து காட்டி, கடைசியில் ஏலம் விடுவார்கள். பத்து வயதுப் பையன், நன்றாக அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை, தன்னைவிட நாலு மடங்கு பெரிய காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே ஏலக்காரர் கத்துவதைக் கேட்கிறான். விலை படிந்ததும் கயிற்றைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வெளியே வந்து தொழுவத்தில் முகத்தை மறைத்துக்கொள்கிறான். அந்த ஊர் வாழ்க்கை என்ன என்பதை எனக்குக் காட்டியது அந்தப் பையன்தான்.

பக்கத்தில் ஃபோர்ட் ஸ்டான்டன், 1855-ல் கட்டியது. முதலில் அப்பாச்சிகளுக்கு எதிரான ராணுவ முகாம். 1899-ல் காசநோய் வந்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான மருத்துவமனை ஆனது, வறண்ட காற்று நல்லது என்று கடலே இல்லாத இடத்துக்கு மாலுமிகளைக் கொண்டுவந்தார்கள். குன்றில் வரிசை வரிசையாக வெள்ளைக் குறிகளோடு அவர்களுடைய கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் கொலம்பஸ் என்ற ஜெர்மன் பயணிக் கப்பலின் மாலுமிகளை அடைத்து வைத்ததும் இங்கேதான். 1939 டிசம்பரில் அவர்களே தங்கள் கப்பலை அட்லாண்டிக்கில் மூழ்கடித்துவிட்டு அமெரிக்கக் கப்பலில் ஏறி வந்தவர்கள்.

ஒயிட் ஓக்ஸுக்கு அரை நாள் போதும். 1879-ல் தங்கம் கிடைத்து ஆயிரக்கணக்கான பேர் குவிந்த ஊர், ரயில் அந்தப் பக்கம் வராமல் காரிசோஸோ வழியாகப் போனதும் காலியாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சூசன் மெக்ஸ்வீனைப் பாருங்கள். கணவன் எரிகிற வீட்டிலிருந்து வெளியே வந்து சாவதற்கு முன், தனியாகத் தெருவில் நடந்துபோய் டட்லியிடம் கெஞ்சியவர். அதற்குப் பிறகு தானே மாட்டுப் பண்ணை வைத்து, 'நியூ மெக்சிகோவின் மாட்டு ராணி' என்று பெயர் வாங்கி, 1931 வரை வாழ்ந்தார்.

ரயிலால் பிறந்த காரிசோஸோதான் இப்போது கவுண்டித் தலைநகர். 1909-ல் வாக்கெடுப்பில் லிங்கனிடமிருந்து பறித்தது, வழக்கு நடந்து முடிய இன்னும் நாலு வருடம் ஆனது. தெருவெல்லாம் வண்ணம் பூசிய கழுதைச் சிற்பங்கள் நிற்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஊரைத் தாண்டினால் சுமார் ஐயாயிரம் வருடத்துக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, எழுபது கிலோமீட்டர் நீளம். நடைபாதை போட்டிருக்கிறார்கள், வெயில் ஏறும் முன் போய்விடுங்கள்.

இன்னும் மேற்கே, பக்கத்துக் கவுண்டியில், 1945 ஜூலை 16 விடியற்காலை 5:29-க்கு முதல் அணுகுண்டு வெடித்தது. காரிசோஸோ மக்களுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது என்று அறிக்கை விட்டார்கள். சாம்பல் விழுந்த கூரைத் தண்ணீரைத்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தொட்டியில் பிடித்துக் குடித்தன. புற்றுநோயில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டம் தெற்கே துலரோசாவில் ஒவ்வொரு ஜூலையும் நடக்கிறது. நியூ மெக்சிகோவின் பாதிக்கப்பட்டவர்களையும் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்த்தது 2025 ஜூலையில்தான், எண்பது வருடம் கழித்து. பில்லியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

தங்குவதற்கு இதே கவுண்டியில் இருக்கும் மலை ஊரான ருயிடோசோதான் வசதி. இங்கே ஒன்று மனதில் வையுங்கள், 2024 ஜூனில் வந்த காட்டுத்தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, எரிந்த மலையில் மண்ணைப் பிடிக்க எதுவும் இல்லாததால் 2025 ஜூலை 8 அன்று ஆற்றில் 20 அடிக்கு மேல் வெள்ளம் வந்து மூன்று பேர் இறந்தார்கள். அமெரிக்க உழைப்பாளர் தினத்தில், அதாவது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, நடக்கும் ஆல் அமெரிக்கன் ஃப்யூச்சுரிட்டி குதிரைப் பந்தயம் 1959 முதல் இங்கே நடந்தது, இரண்டு வயதுக் குதிரைகள் 440 கஜம், இருபத்தோரு வினாடியில் முடிந்துவிடும், அதற்கு லட்சக்கணக்கில் பரிசு. வெள்ளம் ஓடுகளத்தைக் கெடுத்ததால் 2025-ல் அல்புகர்க்கிக்கு மாற்றினார்கள். அதனால் போவதற்கு முன் அந்த வருடத் தேதியையும் இடத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் மழை மேகம் திரண்டால் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டுக் கடையில் 'சிவப்பா, பச்சையா' என்று கேட்பார்கள், மிளகாய்க் குழம்பைத்தான் கேட்கிறார்கள். பச்சை சொல்லுங்கள், என்சிலாடா (குழம்பு ஊற்றிய சோள ரொட்டிச் சுருள்) மேலே ஒரு பொரித்த முட்டையும் கேட்டு வாங்குங்கள். லிங்கனில் ஆகஸ்டு வார இறுதிக்கு அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே சொல்லி வையுங்கள். இரவு நாடகத்துக்கு மடக்கு நாற்காலியும் ஸ்வெட்டரும் கொண்டு போங்கள், பகல் எவ்வளவு வெயிலானாலும் அந்த உயரத்தில் பொழுது சாய்ந்ததும் குளிரும்.